அரக்கு வைத்த உறை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா? நீ வேலை பார்க்கும் சங்கக் கட்டிடத்துக்கு லிஃப்ட் வரப்போகிறது என்று நீ சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. அது வரும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறு.

இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போன் என்றால் நீ அழுவாய், நான் கத்துவேன், பாதியில் வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அரசியல் அறிவியலாளர் சங்கத்தின் ஆய்விதழில் என் கட்டுரை வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ அதை உறையில் போட்டு விலாசம் ஒட்டியிருப்பாய், படித்திருக்க மாட்டாய். சுருக்கமாகச் சொல்கிறேன். போன தேர்தலுக்கு முந்தின வாரம் இங்கே டயர் தொழிற்சாலையில் ஃபோர்மேன்கள் தொழிலாளர்களின் வாக்காளர் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாக்குப்பதிவு அன்று கம்பெனி பஸ்ஸில் ஏற்றிப்போய், யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லி, வரிசையில் நிற்கும்போதுதான் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாற்பத்துமூன்று பேரிடம் பேசி இதை எழுதினேன். கட்டுரையில் யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

நேற்று கல்லூரி முதல்வர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அந்த நாற்பத்துமூன்று பேரும் என் கற்பனையாம். பெயர்ப்பட்டியலைக் கொடுத்து நிரூபிக்க வேண்டும், அதுவரை வேலையிலிருந்து இடைநீக்கம். தொழிற்சாலை முதலாளியின் தம்பிதான் எங்கள் கல்லூரித் தாளாளர் என்பது உனக்கே தெரியும்.

பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சங்கத்தின் நெறிமுறைப்படி அதை உறையில் போட்டு, அரக்கு வைத்து, உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். உன் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு பீரோவில் இருக்கிறது. சாவி உன்னிடம். நான் கேட்பது ஒன்றுதான். அது அங்கேயே இருக்கட்டும்.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அத்தானுக்குக் கண்ல புரை முத்திடுச்சாம், அடுத்த மாசம் ஆபரேஷன். உன் கடிதத்தை அவர்கிட்ட நான்தான் வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கலை.

உறை பத்திரமா இருக்கு. ஆனா உன் காலேஜ்லேர்ந்து சங்கத்துக்கும் கடிதம் வந்திருக்கு. கட்டுரையைத் திரும்பப் பெறுங்க, இல்லைன்னா அது உண்மைன்னு காட்டுங்கன்னு. செயலாளர் அதை மூணு தடவை படிச்சார். அவர் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கார்னு உனக்குத் தெரியும்ல? முகம் சரியில்லை.

எனக்கு ஒண்ணு புரியலைடா. நீ பொய் சொல்லலை. பட்டியல் இருக்கு. அதைக் காட்டிட்டா உன் மேல இருக்கிற பழி அன்னிக்கே போயிடும். எதுக்கு இந்தப் பிடிவாதம்? பாப்பாவை நினைச்சுப் பாரு. உன் பொண்டாட்டி, நம்ம டீச்சர், ஒருத்தியா எத்தனைதான் தாங்குவா, அவளும் பாவம் பள்ளிக்கூடத்துல நின்னுட்டு வந்து வீட்டையும் பார்க்கணும்.

சித்தப்பா என்ன சொல்றார்? அப்பா போனப்புறம் நம்ம ரெண்டு பேரையும் வளர்த்த மனுஷன், அதே தொழிற்சாலையில முப்பது வருஷமா ஃபோர்மேன். முதலாளிகிட்ட உனக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் கண்ணைப் பற்றி முன்பே ஏன் சொல்லவில்லை? ஆபரேஷன் தேதியை எழுது.

பிடிவாதம் என்கிறாய். என்னிடம் பேசியவர்களில் ஒரு பெண், பேசுவதற்கு முன் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடும் சத்தத்தில் பேசினாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், கணவன் இல்லை. அவள் வாய் திறந்தது தெரிந்தால் மறுநாள் டயர் வேகவைக்கும் பகுதிக்கு மாற்றுவார்கள். அந்தச் சூட்டில் ஆறு மாதம் தாங்கியவர்கள் குறைவு. ‘உங்க பேரு யார் கண்ணுலயும் படாது’ என்று நான் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பேசினாள். அந்தப் பட்டியல் என் சொத்து இல்லை, அக்கா. அவர்களுடையது.

உங்கள் சங்கத்தைப் பற்றியும் கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு மாநாடு, ஆளுக்கொரு துணிப்பை, கழுத்தில் ஒரு அட்டை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசை. இதற்கு மட்டும்தான் சங்கமா? நெறிமுறை வகுத்தது அவர்கள். அதை நம்பிப் பெயர்களைக் கொடுத்தவன் நான். இப்போது அவர்கள்தான் பேச வேண்டும்.

சித்தப்பாவை இதில் இழுக்காதே. அவரிடம் இது பற்றிப் போனில்கூடக் கேட்காதே.

உன் தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தானுக்கு ஆபரேஷன் பதினெட்டாம் தேதி.

நேத்து செயற்குழு கூடினது. ஏழு பேரும் வந்திருந்தாங்க. வழக்கம்போல நான் மூலையில உட்கார்ந்து மினிட்ஸ் எழுதினேன். செயலாளர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். உன் காலேஜ் ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டு, அவர் முன்னாடியே உறையைப் பிரிக்கணும். இல்லைன்னா கட்டுரையை இதழ்லேர்ந்து நீக்கணும். மூணு பேர் சரின்னு தலையாட்டினாங்க.

அப்போ ‘அடிக்குறிப்பு’ எழுந்தார். ஞாபகம் இருக்கா, எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கேன்னு கேட்டு மாணவர்களை அழவைக்கிற பெரியவர்? உன் கட்டுரையை முதல்ல மூணு தடவை திருப்பி அனுப்பினதும் அவர்தான்னு பேச்சு. அவர் உனக்காகப் பேசலை, எதிராகவும் பேசலை. வெளியாள் முன்னாடி பிரிக்கலாம்னு நெறிமுறையில எந்தப் பிரிவு சொல்லுதுன்னு மட்டும் கேட்டார். அதைத் தேடிப் பார்க்கணும்னு தலைவர் அம்மா முடிவை ஏப்ரல் ஒன்பதுக்குத் தள்ளிவெச்சாங்க.

கிளம்பறப்போ செயலாளர் என்கிட்ட வந்து, ‘தம்பியோட உறை அக்காவோட பீரோவுல. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார்.

ஒருவேளை உள்ளே பட்டியல் சரியா இல்லைன்னா என்ன ஆகும்? நீ பொய் சொல்வேன்னு சொல்லலை. அவசரத்துல ஏதாவது விட்டுப்போயிருந்தா? சும்மா கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடக்கும். டீச்சரும் பாப்பாவும் விசாரித்தார்கள்.

பட்டியல் சரியாக இருக்கிறது. அந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டாம்.

கல்லூரியில் என் அறைக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டார்கள். புத்தகங்களை எடுக்கப் போனேன், காவலர் வாசலிலேயே நிறுத்தினார். என்னிடம் படித்தவர்தான். ‘சார், என்னைத் தப்பா நினைக்காதீங்க’ என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். உடன் வேலை பார்ப்பவர்கள் கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். பாப்பாவின் வகுப்பில் ஒரு பிள்ளை, ‘உங்கப்பா கதை எழுதுறவராமே’ என்று கேட்டதாம். அவள் பெருமையாக ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போனது. அதைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஏப்ரல் ஒன்பதுக்குள் தலைவரிடம் நீ தனியாகப் பேச முடியுமா? உடனே எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 1

அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். கண் நன்றாகத் தெரிகிறது என்றார், நீ குளிக்கிறாய் என்றார். இரண்டாவது முறை செய்தபோதும் குளித்துக்கொண்டிருந்தாய்.

உனக்கு உடம்பு சரியில்லையா? என்ன நடந்தது? எதுவாக இருந்தாலும் எழுது.

தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

எனக்கு ஒண்ணுமில்லை. அத்தானுக்கு வேளைக்கு வேளை கண்ல சொட்டு மருந்து விடணும், அலுவலகம், வீடுன்னு அலைச்சல். அதான் எழுத முடியலை. கோவிச்சுக்காதே.

உறை பீரோவுலதான் இருக்கு.

தலைவர் அம்மாகிட்ட தனியா பேச நான் யாருடா? மினிட்ஸ் எழுதறவ.

சித்தப்பா எப்படி இருக்கார்? மாத்திரை ஒழுங்காப் போடறாரா? ராத்திரி இருமல் இன்னும் இருக்கா? நான் விசாரிச்சேன்னு சொல்லு. வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ போய்ப் பார்த்துட்டு வா, அது போதும். அடிக்கடி போ.

ஒன்பதாம் தேதி முடிஞ்சதும் எழுதறேன்.

அக்கா


ஏப்ரல் 10

தம்பி,

இந்தக் கடிதத்துல நலம் விசாரிக்க எனக்கு வாய் வரலை.

மார்ச் அஞ்சாம் தேதி உறையைப் பிரிச்சது நான்தான்.

செயலாளர் பேசினதுலேர்ந்து எனக்கு அதே நினைப்புதான். உள்ளே எல்லாம் சரியா இருக்குன்னு என் கண்ணால பார்த்துட்டா, அவங்க பிரிக்கட்டும்னு தைரியமா இருக்கலாம்னு நினைச்சேன். உன்னைக் காப்பாத்தறதா நினைச்சேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்போ கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு, பிளேடால அரக்கைக் கிளப்பினேன். பத்தொன்பதாவது பேர் வந்தது. சித்தப்பா பேரு. பக்கத்துல உன் கையெழுத்துல, ‘அட்டைகளை வாங்கி வைத்தவர்’னு.

நீ ஏன் அவரை இழுக்காதேன்னு சொன்னேன்னு அப்போதான் புரிஞ்சது. தெரிஞ்சவங்க இன்னும் யார் இருக்காங்களோங்கற பயத்துல மிச்சத்தையும் படிச்சேன். நாற்பத்துமூணு பேரையும் படிச்சேன்.

அப்புறம் செஞ்சதுதான் இன்னும் மோசம். அரக்கும் முத்திரையும் என் மேஜை டிராயர்லயே இருக்கு. உருக்கி, பழைய அடையாளத்து மேலயே வெச்சு அழுத்தினேன். பார்த்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நேத்து கூட்டம். உன் காலேஜ் ஆள் வெளியே வராந்தாவுல காத்திருந்தார். உறை மேஜை நடுவுல இருந்தது. செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘முத்திரை சுத்தமா இருக்கு’ன்னார். தலைவர் அம்மா என் பக்கம் திரும்பினாங்க. மினிட்ஸுக்காகக் கேட்கிற கேள்விதான். ‘வந்த நாள்லேர்ந்து இது பிரிக்கப்படாம இருந்ததா?’

பதிலை எழுத வேண்டியவளும் நான்தான். ‘ஆம்’னு எழுத ரெண்டே எழுத்து. எழுதியிருந்தா உன் பட்டியலை அவங்க நம்பியிருப்பாங்க, வராந்தாவுல இருந்தவர் எல்லாப் பேரையும் பார்த்திருப்பார். நான் பேனாவை மூடி வெச்சேன். ‘இல்லைங்க. நான் பிரிச்சேன். நான்தான் திரும்ப ஒட்டினேன்’னு சொன்னேன்.

அப்புறம் செயலாளர் எழுந்து, இனி இந்த உறைக்கு மதிப்பில்லை, அக்காவும் தம்பியும் உள்ளே எதை வேணும்னாலும் மாத்தியிருக்கலாம், கட்டுரையை நீக்கறதைத் தவிர வழி இல்லைன்னார். அவர் சொன்னது தப்பும் இல்லை. உனக்கிருந்த ஒரே சாட்சியை நானே கெடுத்துட்டேன்.

அப்போ அடிக்குறிப்பு பேசினார். நான் எழுதிவெச்சதை அப்படியே தரேன். ‘உறைதான் போச்சு. ஆளுங்க போகலையே. நாம போலீசும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. ஆனா இந்த வேலையை ஒருத்தன் ஒழுங்காச் செஞ்சானா இல்லையான்னு சொல்ல நம்மளை விட்டா வேற யாரும் இல்லை. அதுக்குத்தான் சங்கம். நம்ம ஆளு ரெண்டு பேர் நேர்ல போவோம். யாரு சம்மதிக்கிறாங்களோ அவங்களை மட்டும் பார்ப்போம். வெளியாள் கிடையாது. பேரை நாம எழுதவும் வேண்டாம்.’

ஓட்டு எடுத்தாங்க. நாலு பேர் சரின்னாங்க, மூணு பேர் வேண்டாம்னாங்க. வராந்தாவுல இருந்தவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. உறைக்குப் புது அரக்கு வெச்சு தலைவர் அம்மாவே எடுத்துக்கிட்டாங்க. என்கிட்டேர்ந்து சாவியை வாங்கிக்கிட்டாங்க. பதினேழு வருஷ வேலை, பத்து நிமிஷத்துல முடிஞ்சது. அது நியாயம்தான்.

அக்கா


மே 15

அன்புத் தம்பிக்கு,

நீயும் டீச்சரும் பாப்பாவும் நலமா இருக்கணும். உன்கிட்டேர்ந்து கடிதம் வரலை. வரும்னு நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடிக்குறிப்பும் இன்னொரு அம்மாவும் ஜூன் முதல் வாரம் உன் ஊருக்கு வராங்கன்னு கேள்விப்பட்டேன். சங்கத்துல எனக்கு வேலை இல்லை, அதனால இதுக்கு மேல தெரியலை. அவர் கேள்வி கேட்டா கோபப்படாதே. அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான்.

அத்தான் இப்போ கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். நான் வீட்ல இருக்கேன்.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டரை மாதம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் குழாய்த் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. அவள் பெயர் யார் கண்ணிலும் படாது என்று சொன்னேன். உன் கண்ணில் பட்டது. நீ என் அக்கா என்பது அவளுக்கு எந்த விதத்தில் ஆறுதல்? அதனால் எழுத முடியவில்லை. இன்னும் கோபம் இருக்கிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பட்டியல் இல்லாமல் நினைவிலிருந்தே நாற்பத்துமூன்று வீட்டுக்கும் போனேன். அலுவலகத்தில் உறை பிரிக்கப்பட்டது என்பதை மறைக்காமல் சொன்னேன். இருவர் கதவைத் திறக்கவே இல்லை. ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். பதினொரு பேர் வருகிறோம் என்றார்கள்.

ஒரு தையல்கடையின் பின்னறையில், மூன்று நாள், ஒவ்வொருவராக வந்தார்கள். அடிக்குறிப்பும் உடன் வந்த அம்மாவும் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்ப் பெண் உள்ளே போய் முக்கால் மணி நேரம் இருந்தாள். வெளியே வந்து, ‘அந்தப் பெரியவரு என்னைப் போட்டு வறுத்துட்டாரு. ஆனா நம்பிட்டாரு’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசி நாள் சித்தப்பா வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அவர் போன பிறகு அடிக்குறிப்பு என்னை உள்ளே கூப்பிட்டார். ‘பேட்டி கொடுத்தவர் உன் சித்தப்பான்னு கட்டுரையில ஏன் சொல்லலை?’ என்று கேட்டார். சொன்னால் அவர் யாரென்று தெரிந்துவிடுமே என்றேன். அது காரணம்தான், ஆனால் அந்தப் பேட்டியை நான் சேர்த்திருக்கவே கூடாது என்றார். ஒன்று அந்தப் பகுதியை எடுக்க வேண்டும், அல்லது ‘ஒருவர் ஆய்வாளரின் நெருங்கிய உறவினர்’ என்று அடுத்த இதழில் போட வேண்டும். எடுத்துவிடுகிறேன் என்றேன். சாயங்காலம் இதைக் கேட்ட சித்தப்பா வேண்டாம் என்றார். ‘போடச் சொல்லு. அட்டையை வாங்கினவன் ஒருத்தனாவது பேசினாத்தான் இது நிக்கும்.’

அலுவலகத்தில் பெயரை யார் பார்த்தது என்று அப்போதுதான் கேட்டார். அக்கா என்றேன். ‘அவ முன்னாடி தலை நிமிர்ந்து நிக்க முடியாதேன்னுதான் இத்தனை நாளும் பயந்துக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சுபோச்சா. சரி’ என்றார்.

சங்கத்தின் அறிக்கை நேற்று வந்தது. பேட்டிகள் உண்மை, கட்டுரை நிற்கும். கீழே தலைவரின் கையெழுத்து. செயலாளர் கையெழுத்துப் போடவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கிறாயா?

கல்லூரி கற்பனைக் குற்றச்சாட்டைக் கைவிட்டது. என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அறை கிடையாது, நூலகத்தில் ஒரு மேஜை. சித்தப்பாவை ஃபோர்மேன் வேலையிலிருந்து கேட்டில் லாரி எண் குறிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வேறு யாரையும் இதுவரை தொடவில்லை. இன்றுவரை என்றுதான் சொல்ல முடியும்.

போன சனிக்கிழமை சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. ஏனென்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். உண்மையைச் சொன்னாயே என்றார். நிறையப் பேர் கைதட்டினார்கள். நான்கு ஓட்டில் தோற்றது.

அக்கா, நான் கை தூக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். அப்போதும் தூக்கவில்லை. அந்த பீரோவை நம்பி இனிமேல் பெயர் கொடுப்பவர்களை நினைத்துக்கொண்டேன். இதை வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது.

தம்பி


அக்டோபர் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே ரெண்டு பேரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கு. இறங்கி ஏற மாடிப்படி இல்லாததால வலி கொஞ்சம் தேவலை.

நீ கை தூக்கலைன்னு உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே தெரியும். தலைவர் அம்மா போன்ல சொன்னாங்க. அன்னிக்கு முழுக்க அடுப்புப் பத்தவைக்கலை. அத்தான் கடையில வாங்கிட்டு வந்து, தட்டுல போட்டு முன்னால வெச்சார். ‘ஒரு கைதானே, தூக்கினா தேஞ்சா போயிடும்?’னு அவர்கிட்ட சண்டை போட்டேன். அவர் என்ன பண்ணுவார் பாவம்.

ரெண்டு நாள் கழிச்சு யோசிச்சப்போ, உன் இடத்துல இருந்தா நானும் தூக்கியிருக்க மாட்டேன்னு தோணுச்சு. வருத்தம் இல்லைன்னு எழுதினா பொய். ஏற்கெனவே ஒரு பொய்யை அரக்கு வெச்சு ஒட்டினவ, இன்னொண்ணு வேண்டாம்.

டீச்சர், பாப்பா, சித்தப்பா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. சித்தப்பாகிட்ட நான் நேர்ல மன்னிப்புக் கேட்கணும். அவர் சரின்னு சொன்னாலும் கேட்கணும்.

மீதி நாற்பத்திரண்டு பேர்கிட்டயும் கேட்கணும்னுதான் ஆசை. ஆனா போய் நின்னா அவங்க பேரு எனக்குத் தெரியும்னு ஆகிடும். அதனால என்னால முடிஞ்சது ஒண்ணுதான், மறக்கப் பார்க்கிறேன். பாதிக்கு மேல மறந்தாச்சு. பதினாலு பேரு மட்டும் இன்னும் போகமாட்டேங்குது.

அக்கா